தொண்ணூற்றி நாலாம் வருஷத்துத் தட்டு

செகந்திராபாத் திருமுல்கேரியில் தனசிங் வீட்டு முன்வாசலில் அந்தச் சனிக்கிழமை காலை பதினோரு எவர்சில்வர் தட்டுகளை இரண்டு வரிசையாகப் பரப்பியிருந்தார்கள். சோறு போட அல்ல, தண்ணீர் ஊற்றிப் பார்க்க.

"குனிஞ்சு ஊத்துல. நிமிந்து நின்னு ஊத்துனா எதிர்ல இருக்கவன் சட்டையில தெறிக்கும்."

ஷெர்வின் குனிந்தான். இடது கையில் தண்ணீர் வாளி, வலது கையில் நீளக் காம்பு போட்ட பந்திக் கரண்டி. அந்த வலது கையில் பெருவிரலும் ஆட்காட்டி விரலும்தான் மிச்சம். மற்ற மூன்று விரல்களும் பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி ரயில்வே பட்டறையில் தகடு வெட்டும் இயந்திரத்தில் போய்விட்டன. நாலு தட்டு வரைக்கும் கரண்டி ஒழுங்காகப் போயிற்று. ஐந்தாவதில் காம்பு இரண்டு விரலுக்கு நடுவே சுழன்று, தண்ணீர் தரையில் கொட்டியது.

"முதல்லேருந்து வா," என்றார் தனசிங்.

எழுபத்து நாலு வயதிலும் அவர் நாற்காலியில் சாய்ந்து உட்காரமாட்டார். முப்பத்தாறு வருஷம் அதே பட்டறையில் வேலை பார்த்து, ஒரு செக்‌ஷனுக்குப் பொறுப்பான சார்ஜ்மேனாக ஓய்வு பெற்றவர். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவக் கோயிலில் அசனம். ஆராதனை முடிந்து சபையார் எல்லாரும், பெரிய ஆபீசரும் பெட்டிக்கடைக்காரரும், ஒரே தரையில் இலை போட்டு உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. தெற்கத்தி நாசரேத் பக்கத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த தனசிங்கின் அப்பா இங்கே அதை ஆரம்பித்து வைத்தவர்களில் ஒருவர். சோறு யார் வேண்டுமானாலும் போடலாம். கறிக்குழம்பு வாளி மட்டும் இந்தக் குடும்பத்தினுடையது. அப்பாவுக்குப் பிறகு தனசிங், தனசிங்குக்குப் பிறகு ஷெர்வின். பரிமாறுகிற குடும்பம் கடைசிப் பந்தியில்தான் சாப்பிடும். இந்த வருஷமும் என் மகன்தான் வாளி பிடிப்பான் என்று போன ஞாயிற்றுக்கிழமையே தனசிங் சபைக் கமிட்டியில் எழுந்து நின்று சொல்லிவிட்டார். சொன்னது சொன்னதுதான்.

அவர் சட்டைப்பையில் இன்னொன்றும் இருந்தது. மகனுக்காக அவரே எழுதிய கடிதம். கையெழுத்து மட்டும் பாக்கி.

மூன்று விரலுக்கு முப்பது சதவீத இழப்பு என்று எழுதி, அதற்கான நஷ்டஈட்டை ஆகஸ்டிலேயே கொடுத்துவிட்டார்கள். தனசிங்கைப் பொறுத்தவரை விஷயம் அத்தோடு முடிந்தது. ஆனால் போன வாரம் ஆபீசிலிருந்து மறுபடி ஒரு கடிதம் வந்தது. இயந்திர வேலைக்கு ஷெர்வின் இனி தகுதியில்லை என்று மருத்துவக் குழு சொல்லியிருப்பதால், சம்பளமும் கிரேடும் குறையாமல் டூல் ஸ்டோரில் மாற்று வேலை தரப்படும். சம்மதம் என்று திங்கட்கிழமைக்குள் எழுதித் தரவேண்டும். பழைய வேலையே வேண்டுமென்றால், கை பூரண குணம் என்று எழுதிக் கொடுத்து மறுபரிசோதனை கேட்டுக்கொள்ளலாம். தனசிங் எழுதி வைத்திருந்தது அந்த இரண்டாவதை. முத்து முத்தான எழுத்து.

மருமகள் ஸ்டெஃபி வாசல்படியில் வந்து நின்றாள். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவள், பள்ளிக்கூட ஆபீசில் வேலை. காகிதங்களைப் பார்த்துப் பயப்படாதவள்.

"மாமா, ஆகஸ்ட்ல வந்தது விரலுக்கு. இப்ப குடுக்கிறது வேலை. ரெண்டும் வேற வேற மாமா. அது வாங்கினதால இது இல்லேன்னு யாரும் சொல்ல முடியாது. இந்தக் கைக்கு நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா வைத்தியமும் அவங்கதான் பாக்கணும்."

"எங்க குடும்பத்துல ஒரு தடவ வாங்குனதே பெருசும்மா. அதுக்கு மேலயும் கை நீட்டிட்டு நிக்கணுமாக்கும்?"

"யார் நீட்டினா? அவங்கதானே லெட்டர் போட்டிருக்காங்க?"

"டூல் ஸ்டோர்ல யார் உக்காருவான்னு தெரியுமா ஒனக்கு? குடிச்சிட்டு வாரவன், வேலைக்கு ஆவாதவன், அவனைத்தான் நாங்க அங்க தள்ளி விடுவோம். ஸ்பானரை எண்ணிக் குடுத்து எண்ணி வாங்குத வேலை. தனசிங் மவன் அங்கயா போய் உக்காரணும்?"

உள்ளே இஞ்சி தட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி கனகமணி, கை நிற்காமல் குரல் கொடுத்தாள். "நீங்க அங்க தள்ளி விட்டவனுக்கெல்லாம் பத்து வெரலும் இருந்துச்சு."

"நீ ஒன் சோலியப் பாரு."

"என் சோலியத்தான் பாக்கேன். மூணு வெரலு போன பிள்ளைக்கு நான்தான பெத்தவ."

ஷெர்வின் வாளியைக் கீழே வைத்தான். முப்பத்தொன்பது வயது. அப்பாவுக்கு எதிர்ப்பேச்சு பேசிப் பழக்கமில்லாதவன். "அப்பா, அந்த மெஷின் சத்தம் கேட்டாலே நிக்க முடியலப்பா. போன வாரம் ஆபீஸ் போனப்ப அந்தப் பக்கமாத்தான் நடந்தேன். சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டேன்."

"நாலு நாள் நின்னா எல்லாம் சரியாயிரும்," என்றார் தனசிங். ஆனால் மகன் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

மகன்மேல் அவருக்கு ஒரு வருத்தம் பிப்ரவரியிலிருந்தே உள்ளே கிடந்தது. கையில் துணியைச் சுற்றி, ரத்தம் சொட்டச் சொட்ட ஆம்புலன்சில் ஏறும்போது ஷெர்வின் கேட்டது தண்ணீர் இல்லை, அம்மா இல்லை. "முதல்ல விபத்து ரிஜிஸ்டர்ல எழுதுங்க, நான் பாத்துட்டுத்தான் போவேன்" என்று நின்றானாம். பட்டறை வாசலில் விபத்தில்லாத நாட்கள் இத்தனை என்று ஒரு போர்டு உண்டு. ஆயிரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த அந்த எண்ணை அன்று சாயங்காலமே சைபராக்கினார்கள். தனசிங் காலத்தில் அவர் செக்‌ஷனின் எண் பதினோரு வருஷம் சைபர் கண்டதில்லை. எண்பத்தொன்பது முதல் தொண்ணூற்றொன்பது வரை வருஷத்துக்கொரு தட்டு, விளிம்பில் வருஷத்தை வெட்டி, செக்‌ஷன் ஆட்கள் முப்பத்திரண்டு பேருக்கும் கொடுத்தார்கள். அந்தத் தட்டுகள்தான் இப்போது வாசலில் தண்ணீரோடு கிடந்தன.

"இன்னா சார், தட்டை எல்லாம் குளிப்பாட்டறீங்களா?"

கேட்டைத் தள்ளிக்கொண்டு சாரங்கபாணி வந்தார். குஷாய்குடாவிலிருந்து பஸ் மாறி வந்திருந்தார். காதில் குளிருக்கு மஃப்ளர், கையில் செய்தித்தாளில் சுற்றிய கத்தி. தனசிங்கின் செக்‌ஷனில் பிட்டராக இருந்தவர். அரக்கோணம் பக்கத்துப் பூர்வீகம், இங்கேயே பிறந்தவர். அசனத்துக்கு முதல் நாள் கத்திரிக்காய் நறுக்க வருஷா வருஷம் வந்துவிடுவார். நெற்றியில் நாமத்தோடு கோயில் வளாகத்தில் உட்கார்ந்து நறுக்குவார். யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

"வா சாரங்கா. நாளைக்கு இவன்தான் வாளி பிடிக்கப் போறான், பழகிட்டு இருக்கான். திங்கக்கிழமை பழைய மெஷினுக்கே போறான்."

சாரங்கபாணி ஷெர்வினின் கையைப் பார்த்தார். ஸ்டெஃபியைப் பார்த்தார். "ஹவ்," என்றார், இந்த ஊர் வழக்கில் ஆமாம் என்று.

"ஒத்துக்க மாட்டேங்காவ," என்றார் தனசிங். "ஸ்டோர்ல போய் உக்காரணுமாம். ஏம்மா, இவன்கிட்ட கேளு. தொண்ணூத்தி நாலுல சக்கரம் தூக்குத சங்கிலி இவன் வெரலைக் கடிச்சிருச்சி. ஆட்காட்டி வெரல்ல ரெண்டு கணு போச்சு. ரிஜிஸ்டரா தூக்கிட்டு ஓடுனோம்? என் ஸ்கூட்டர்லயே உக்கார வச்சு, தனி டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனேன். என் கைக்காசு. லீவைக் காய்ச்சல்னு போட்டோம். ஒங்க அத்தை இருபது நாள் கஞ்சி குடுத்து அனுப்புனா. ஒருத்தன்கிட்டயும் போய் நிக்கல. செக்‌ஷன் பேரும் கெடல. உண்டா இல்லியா சாரங்கா?"

இந்தக் கதையை அவர் நிறையத் தடவை சொல்லியிருக்கிறார். சொல்லும்போதெல்லாம் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிரும்.

"ஹவ் சார். அம்மா கஞ்சியில பூண்டு போட்டு அனுப்புவாங்க. நல்லா இருக்கும்." சாரங்கபாணி குனிந்து இரண்டாவது வரிசையில் ஒரு தட்டை எடுத்தார். தண்ணீரைக் கீழே கொட்டி, விளிம்பைத் துடைத்துப் பார்த்தார். தொண்ணூற்றி நாலு. "எங்க வீட்லயும் இது கீதும்மா. இன்னிக்கும் இதுலதான் சாப்பிடறேன்."

"அப்புறம் அந்த விரலோட எப்படி வேலை செஞ்சீங்க அங்கிள்?" என்றாள் ஸ்டெஃபி.

"செஞ்சேன்மா. எட்டு வருஷம் செஞ்சேன். அப்புறம் பிடி நிக்கல. ஸ்பானர் நழுவுது. லைட் வேலை எதுனா குடுங்கன்னு ஆபீஸ்ல போய்க் கேட்டேன். எந்த விபத்து, என்னா தேதின்னு கேட்டாங்க. ரிஜிஸ்டரைப் பிரிச்சுக் காட்டினாங்க. அந்த வருஷம் பூரா வெள்ளையா கீது." அவர் சிரித்தார். "நானே தட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கீறேன், விபத்தே இல்லேன்னு."

"சரி சாரங்கா, அதெல்லாம் எதுக்கு இப்ப," என்றார் தனசிங்.

"இல்ல சார், மருமவ கேட்டாங்க, சொன்னேன். அப்புறம் சார்கிட்ட வந்தேம்மா. ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க சார்னு. டீ குடுத்தாங்க. டீ நல்லா இருந்துச்சு."

உள்ளே இஞ்சி தட்டும் சத்தம் நின்றுவிட்டது.

தனசிங்குக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. இதே வாசல். 'ஒரு வரி எழுதுனா முப்பத்திரண்டு பேர் தட்டும் பொய்யாயிரும்ல சாரங்கா' என்று தான் சொன்ன சொல் உட்பட. நியாயமான பதில் என்றுதான் அன்றைக்குத் தோன்றியது. இரண்டு வருஷம் கழித்து சாரங்கபாணி நாற்பத்திரண்டு வயதில் வேலையை விட்டார். அதன்பின் குஷாய்குடாவில் ஒரு அடுக்குமாடி வீட்டு வாசலில் வாட்ச்மேன். கதையைச் சொல்லும்போது தனசிங் கஞ்சியோடு நிறுத்திக்கொள்வார்.

"நக்கோ சார், வேணாம், மூஞ்சியை ஏன் அப்பிடி வெச்சுக்கிறீங்க?" என்றார் சாரங்கபாணி. "வாங்க, நாப்பது கிலோ கத்திரிக்காய் காத்துகினு கீது."

மத்தியானம் முழுக்கக் கோயில் வளாகத்தில் வேப்பமரத்தடியில் வேலை நடந்தது. நவம்பர் வெயில் சுடவில்லை. கத்திரிக்காய் நறுக்கி உப்புத் தண்ணீரில் போட்டார்கள். இன்னொரு பக்கம் வெங்காயம் குவிந்தது. விறகுக்கும் அண்டாவுக்கும் ஆட்டோ வந்து வந்து போயிற்று. மற்ற வருஷங்களில் யார் எப்படி நறுக்குகிறார்கள் என்று அதட்டிக்கொண்டே சுற்றிவருகிற தனசிங், அன்று சாரங்கபாணிக்கு எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்தார். சாரங்கபாணி கத்தியைப் பெருவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் இடுக்கிப் பிடித்திருந்தார். கால் மணிக்கு ஒரு தரம் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையை உதறிக்கொண்டார். முப்பது வருஷமாக இந்த மனிதர் இங்கே உட்கார்ந்து நறுக்குகிறார். கையை உதறுவதை தனசிங் இன்றைக்குத்தான் பார்த்தார்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் ஜமக்காளம் விரித்தார்கள். இலை விழுந்தது, உப்பு விழுந்தது, கத்திரிக்காய்க் கூட்டு விழுந்தது, சோறு ஆவியோடு வந்தது. ஷெர்வின் குழம்பு அண்டாவிடம் போய் நின்றான். துண்டை நாலாக மடித்து வலது முன்கையில் போட்டான். வாளியின் வளையத்தை அந்தத் துண்டின்மேல் மாட்டினான். கரண்டியை இடது கையில் எடுத்தான்.

சபைச் செயலாளர் எட்வின் ஓடிவந்தார். "தம்பி, என்ன இது? எடது கையாலயா? கோயில் பந்தியில?" பிறகு தனசிங்கிடம் திரும்பிக் குரலைத் தணித்தார். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த ஒரு வருஷம் வேற யார்ட்டயாவது வாளியக் குடுத்துருவோம். ஜனங்க முகம் சுளிக்கும். ஒங்க குடும்பத்துக்குத்தான் பேரு கெடும்."

பந்தியில் எல்லாக் கண்ணும் இங்கேதான் இருந்தது. சோற்றில் யாரும் கை வைக்கவில்லை. ஷெர்வின் அப்பாவைப் பார்த்தான். நேற்று பதினோரு தட்டுக்கு முன்னால் பார்த்த அதே பார்வை.

வலது கையால் பரிமாறு என்று தனசிங் சொல்லியிருந்தால் அவன் மாற்றியிருப்பான். கொதிக்கிற குழம்பு யாரோ ஒருவர் மடியில் கொட்டியிருக்கும். அது தனசிங்குக்குத் தெரிந்தது. மறுநாள் காலை அந்த இயந்திரத்தின் முன்னாலும் இதே கைதான் நிற்கும் என்பதும் கூடவே தெரிந்தது.

அவர் செருப்பைக் கழற்றினார். முதல் வரிசையில் காலியாக இருந்த ஓர் இலையின் முன் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஐம்பது வருஷத்தில் அவர் முதல் பந்தியில் உட்கார்ந்ததில்லை. கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது.

"சோறு வைங்கய்யா," என்றார். சோறு வந்தது. நடுவில் விரலால் குழி பறித்தார். "ஊத்துல."

ஷெர்வின் குனிந்தான். நேற்று அவர் சொல்லிக் கொடுத்த குனிவு. குழம்பு ஒரு சொட்டும் சிந்தாமல் குழிக்குள் இறங்கியது. ஒன்பது மாதமாகச் சட்டைப் பித்தான் போட்டு, முகம் மழித்து, சோறு பிசைந்து பழகிய இடது கை அது. தனசிங் ஒரு வாய் எடுத்து வைத்தார்.

"எட்வின், எனக்கு ஊத்திட்டான். நான் சாப்பிட்டுட்டேன். வேண்டாதவங்க இலையை மடிச்சிட்டு எந்திரிக்கலாம்."

ஒருவரும் எழவில்லை. பக்கத்து இலைக்காரர் குழியை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கிக்கொண்டார். "எலும்பும் ஒண்ணு போடு தம்பி," என்றார்.

"சாரங்கா, இங்கன வா," என்று தனசிங் தன் அடுத்த இலையைக் காட்டினார். சாரங்கபாணி வந்து உட்கார்ந்தார். கறி வேண்டாம், குழம்பு மட்டும் என்று கேட்டு வாங்கினார். பாதிச் சாப்பாட்டில் தனசிங் இலையைப் பார்த்தபடியே கேட்டார்.

"தேதி ஞாபகம் இருக்கா?"

"எது சார்?"

"சங்கிலி."

சாரங்கபாணி பிசைந்த கையை நிறுத்தினார். "ஜூலை பதினாலு. வியாழக்கிழமை. சாப்பாட்டு மணி அடிக்க கால் மணி இருந்துச்சு." பிறகு மெதுவாகச் சொன்னார், "இப்ப எதுக்கு சார்?"

"சாப்பிடு. ரசம் வருது."

திங்கட்கிழமை காலை பட்டறை ஆபீசில் அப்பாவும் மகனும் மேஜை முன் நின்றார்கள். தனசிங் வெள்ளைச் சட்டை போட்டு, பேனா சொருகியிருந்தார். கையில் துணிப்பை. ஷெர்வின் டூல் ஸ்டோர் வேலைக்குச் சம்மதக் கடிதத்தை நீட்டினான். அவன் கையெழுத்து இடது கையால் போட்டது, கொஞ்சம் சாய்ந்திருந்தது. குமாஸ்தா ஸ்மிதா சரிபார்த்து வாங்கிக்கொண்டாள். சின்ன வயது, தெலுங்குக்காரப் பெண்.

"இன்னொண்ணு இருக்கும்மா," என்று தனசிங் தெலுங்கில் சொல்லி, தன் கடிதத்தை வைத்தார். ஆங்கிலத்தில், முத்து முத்தான எழுத்தில், ஒரே பக்கம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றி நாலு ஜூலை பதினாலாம் தேதி என் பொறுப்பில் இருந்த செக்‌ஷனில் பிட்டர் சாரங்கபாணியின் வலது ஆட்காட்டி விரல் சங்கிலியில் துண்டானது. அது பணியில் நேர்ந்த விபத்து. ரிஜிஸ்டரில் எழுதாமல் மறைத்தவன் நான். அவரது குற்றம் எதுவும் இல்லை. கீழே பெயர், பழைய பணியாளர் டிக்கெட் நம்பர், வீட்டு விலாசம்.

ஸ்மிதா இரண்டு முறை படித்தாள். "இதி இப்புடு எந்துகு சார், இது இப்ப எதுக்கு? முப்பது வருஷம் ஆயிடுச்சு. இதனால அவருக்கு ஏதாவது கிடைக்குமான்னு என்னால சொல்ல முடியாது. ஃபைலே கிடையாதே."

"ஃபைல் இல்லாததாலதான்மா எழுதிக் குடுக்கேன். கிடைக்குமா கிடைக்காதான்னு மேல உள்ளவங்க சொல்லட்டும். வாங்கிக்கிட்டதுக்கு முத்திரை போட்டு ஒரு நகல் குடு. நான் நிக்கேன்."

"உங்க பேருக்குத்தானே சார் கெடுதல்?"

"என் பேருதானம்மா. அதை நான் பாத்துக்கிடுதேன்."

துணிப்பையிலிருந்து தொண்ணூற்றி நாலாம் வருஷத்துத் தட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதை எந்தக் கணக்கில் வாங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஃபைல்களுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டு முத்திரையை எடுத்தாள். முத்திரை நகலில் விழும்வரை, நாற்காலி போட்டும் தனசிங் உட்காரவில்லை.

ஷெர்வின் ஸ்டோர் பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் நின்றான். தகடு வெட்டும் சத்தம் அங்கேயும் கேட்டது. "போயிட்டு வாரேம்ப்பா."

"எண்ணிக் குடு. எண்ணி வாங்கு," என்றார் தனசிங். "ஒண்ணு கொறஞ்சாலும் புஸ்தகத்துல எழுது. ஆர் சொன்னாலும் கேக்காத."

வெளிவாசலில் அந்தப் போர்டு இருந்தது. விபத்தில்லாத நாட்கள், இருநூற்று எழுபத்தொன்று. ஆயிரத்துக்கு முன்னால் சின்ன எண்தான். மகன் ரத்தம் சொட்டச் சொட்ட நின்று போட வைத்த சைபரிலிருந்து எண்ணி வந்தது. தனசிங் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார்.

வாசலில் காவலுக்கு நின்ற புது ஆளுக்கு இந்தக் கிழவர் யாரென்று தெரியவில்லை. உள்ளே போகக் கொடுத்த பாஸைத் திருப்பி வாங்கியபடி, "யாரு சார் நீங்க, இங்க வேலை பாத்தவரா?" என்று ஹிந்தியில் கேட்டான்.

வேறு எந்த நாளாக இருந்தாலும் சார்ஜ்மேன் தனசிங் என்று பதில் வந்திருக்கும்.

"பிப்ரவரியில கை போனப்ப, முதல்ல ரிஜிஸ்டர்ல எழுதுன்னு நின்னானே, ஷெர்வின்," என்றார் தனசிங், முதுகு வளையாமல். "அவனோட அப்பா."